வெங்காயம் முதல் சட்டை வரை: திறந்த வர்த்தகமும் எங்கள் வாழ்க்கையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உலகமயமாதலும் எங்கள் வாழ்க்கைத்தரமும்' என்ற தலைப்பைச் செயலாளர் தந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வகுப்பில் வர்த்தகம் படித்து வங்கி முகாமையாளரானவர்கள் இருக்கிறார்கள், கணக்காளர் இருக்கிறார். அவர்களை விட்டுவிட்டு, பொருளியல் புத்தகத்தை ஒரு நாளும் திறந்து பாராத உயிரியல் பிரிவுக்காரரிடம் இதைக் கொடுத்தால் என்ன செய்வது? கடைசியில் 1996 இல் சாதாரண தரம் எழுதிய எங்கள் வகுப்பார் எல்லோருமாக வட்ஸப்பில் ஒரு மாதம் விவாதித்தோம், கொஞ்சம் சண்டையும் பிடித்தோம். ஆகவே இந்த உரையில் வரும் 'நாங்கள்' மரியாதைக்காக வந்ததல்ல. ரொறன்ரோவில் இருப்பவர், சிட்னியில் இருப்பவர், கோண்டாவிலை விட்டு அசையாதவர் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். பிழை இருந்தால் பேச நின்றவரின் பிழை.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறோம். 1925 இல் இந்தச் சங்கத்தை ஆரம்பித்த பாட்டிமாரை வீட்டு வேலிக்கு அப்பால் ஒன்றும் அறியாதவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களின் வீட்டுக் கணக்கு அப்போதே கடலுக்கு அப்பால்தான் இருந்தது. மலாயாவில் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களின் மணியோடரில் இங்கே எத்தனையோ நாற்சார் வீடுகள் எழும்பின. பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கும் அந்தக் காசு வந்தது. தோட்டக்காரர் தங்கள் புகையிலையைத் திருவிதாங்கூருக்கு அனுப்பினார்கள். அங்கே தீர்வை கூடினால் இங்கே வீட்டில் கல்யாணம் தள்ளிப்போகும். முப்பதுகளில் அவர்கள் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்து, சரக்கை ஒன்றாகச் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். தூரத்து ஊரில் யாரோ ஒருவர் போட்ட வரியைத் தனித்தனியாக நின்று தாங்க முடியாது என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போவோம். பெயர் வேண்டாம். வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்த குடும்பம். 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கம், அந்நியச் செலாவணி இல்லாமல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. நாடு முழுவதும் கறிக்கு யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் பார்த்து நின்றது. செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் அதற்கு முன் யாரும் காணாத விலை வந்தது. தோழியின் பேரனார் தண்ணீர் இறைக்கும் மெஷின் வாங்கினார், பிறகு கல்வீடு கட்டினார். அடுத்த வருடம் மேல்மாடி எடுக்கலாம் என்று தட்டுக்கு மேல் கம்பி விட்டு வைத்தார்.

அதே வருடங்களில் எங்களில் வேறு சிலரின் வீடுகளில் என்ன நடந்தது? கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த ஒருவரின் அம்மா விடியப்புறம் பாணுக்கு வரிசையில் நின்றார். சீத்தைத் துணிக்கும் வரிசை, சீனிக்கும் கூப்பன். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அனுமதியில்லாமல் அரிசி கொண்டுபோக முடியாது. ஒரே அரசாங்கம், ஒரே கொள்கை. ஒரு வீட்டில் கல்வீடு எழும்பியது, இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு மரவள்ளிக்கிழங்கு அவிந்தது. எங்கள் குழுவில் முதல் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். "அந்தக் காலம் பொற்காலம்" என்று ஒருவர் எழுத, "உங்கட பொற்காலத்தில எங்கட அம்மா பாண் வரிசையில மயங்கி விழுந்தவ" என்று மற்றவர் பதில் போட்டார். இருவர் சொன்னதும் உண்மை.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் அந்த வருடம் நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதியைத் திறந்துவிட்டது. ரூபாவின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகியது. கடைகள் நிரம்பின, வரிசைகள் மறைந்தன. அந்த எழுதுவினைஞர் வீட்டில் ரேடியோவும் பின்னர் ரெலிவிஷனும் வந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் வழியும் பெரிதாகியது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை, நாட்டில் மிகப் பலருக்கு அது மூச்சு விட்ட காலம்.

வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்கியபோது எங்கள் தோட்டங்களில் விலை விழுந்தது. பேரனார் லொறிக்கூலிக்கும் கட்டாத விலைக்கு மூட்டைகளைக் கொடுத்தார். இறைக்கும் மெஷினுக்கு எடுத்த கடன் அப்படியே இருந்தது. ஏழு வருடமாக 'இதைச் செய், நாடு உன்னை நம்பியிருக்கிறது' என்று சொல்லப்பட்டவருக்கு, 'இனி வேறு ஏதாவது செய்' என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அவகாசமோ மாற்றுப் பயிருக்கு உதவியோ கிடைக்கவில்லை, கடனும் தள்ளிவைக்கப்படவில்லை. வெங்காயம் மலிந்ததால் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சில ரூபா மிச்சம். அந்தச் சில ரூபாக்கள் எல்லாம் சேர்ந்து பேரனாரின் தலையில் விழுந்தன. திறந்த வர்த்தகத்தின் நன்மை எல்லோருக்கும் மெல்லிதாகப் பரவுகிறது, நட்டம் ஒரு சிலரின் மேல் பாரமாக இறங்குகிறது. பொருளியல் தெரியாத எங்களுக்கே அந்த வீட்டைப் பார்த்தால் இது விளங்கும். மேல்மாடிக்கு விட்ட கம்பி இன்றும் துருவேறி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

'அப்படியென்றால் கதவை மூடிவிடலாமே, எங்கள் மண்ணில் விளைவதை நாங்களே உண்டு வாழலாமே' என்று கேட்பவர்களுக்கு எங்கள் வகுப்பு பதில் சொல்லும். நாங்கள் ஆறாம் வகுப்புக்கு வந்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். வெள்ளைச் சீருடை மஞ்சளாகி, அணில் வந்து முகர்ந்து பார்த்த கதையை இங்கே இருக்கும் எங்கள் வகுப்பு ரீச்சர் மறந்திருக்க மாட்டார். இன்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம். பற்றரி ஒன்று வேண்டும் என்பதற்காகக் கிளாலிக் கடலைத் தாண்டப் புறப்பட்டுத் திரும்பாதவர்களின் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

பூட்டிய பொருளாதாரத்திலும் பணம் பண்ணியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எங்கோ பதுக்கிய சீமெந்துப் பைக்கு என்ன விலை என்று அப்போது வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். அதோடு, தடைக்காலத்தில் வீட்டில் சவர்க்காரம் காய்ச்சி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்கள் இருந்தார்கள். 2002 இல் ஏ9 வீதி திறந்து, லொறி லொறியாகச் சாமான் வந்தபோது நாங்கள் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனோம். அந்தப் பெண்களின் சட்டி அடுப்பிலிருந்து இறங்கியது. வெங்காயக் கதைதான் மறுபடியும்.

எங்கள் தோழி 1995 இடப்பெயர்வோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. குடும்பம் வன்னியில் தங்கிவிட்டது. அவருக்குக் கல்யாணம் நடந்து இரண்டு பிள்ளைகள். 2009 இல் கணவரை இழந்தார். சில வருடங்களின் பின் கிளிநொச்சிப் பக்கத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை திறந்தபோது முதல் தொகுதியில் தையல் மெஷினில் இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த மெஷின் எப்படி அங்கே வந்தது என்பதைச் சற்றுச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1978 இல் கட்டுநாயக்காவில் முதல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அப்போது பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உடுப்பு வரலாம் என்று பங்கு பிரித்து வைத்திருந்தன. தங்கள் பங்கு முடிந்த கிழக்காசிய முதலாளிகள் பங்கு மிச்சமிருந்த நாடுகளைத் தேடி வந்தார்கள். 1992 இல் பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 2005 ஜனவரியில் அந்தப் பங்கு முறை முடிந்தபோது, சீனாவோடு போட்டியிட முடியாமல் எல்லாம் மூடப்படும் என்றார்கள். சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன, தொழில் மூழ்கவில்லை. இன்று ஆடை ஏற்றுமதி வருடத்துக்கு 500 கோடி டொலர் அளவில், நாட்டின் பொருள் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு.

விலை குறைந்த நாடுகள் வேறு இருந்தும் ஏன் இங்கே நிலைத்தார்கள்? வைத்தியராக எங்களுக்கு இதில் ஒரு கருத்து உண்டு. பொருளாதாரத்தைத் திறப்பதற்கு முன்பே இந்த நாட்டில் பெண்பிள்ளைகள் வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். குடும்பநல மாது வீடு வீடாகப் போனார். தாய் மரணமும் சிசு மரணமும் எங்களளவு வருமானமுள்ள நாடுகளை விட மிகக் குறைவாக இருந்தன. 1945 இல் வந்த இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அளவை வாசிக்கத் தெரிந்த, நோய் நொடி குறைந்த பெண்ணை வளர்த்து வைத்திருந்தன. அந்தப் பெண்ணைத்தான் முதலாளிகள் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு வரிச்சலுகை. அவளை வளர்த்த பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் அந்த இலாபத்திலிருந்து திரும்பி வந்தது போதாது. இது எங்கள் துறைக்கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோழியை மறுபடி கண்டது கிளினிக்கில். துண்டில் இருந்த பெயர் கணவரின் பெயரோடு சேர்ந்திருந்ததால் தெரியவில்லை. அவர் "டொக்டர், சலம் கடுக்குது" என்றார். எட்டாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து நெல்லிக்காய் பங்கிட்டவர் எங்களை 'டொக்டர்' என்று கூப்பிட்ட அந்த நிமிடத்தை விவரிக்க எங்களுக்குத் தெரியாது. அடையாளம் கண்டபின்பும் 'நீ' என்று கூப்பிட அவருக்கு இரண்டு மூன்று கிளினிக் எடுத்தது.

சலக்கடுப்பு ஏன் வந்தது? தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழும்பிப் போக வேண்டும். எழும்பினால் லைனில் துண்டுகள் குவியும், அன்றைய இலக்கு தப்பும், இலக்கோடு சேர்ந்த மேலதிகக் காசு தப்பும். அப்படி வருகிறவர்கள் அவரோடு நிற்கவில்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் பிடித்ததால் வயிற்றெரிவு. இரத்தச்சோகை, கழுத்து நோவு. புத்தகத்தில் இவற்றுக்குத் தனித்தனி அத்தியாயம். எங்கள் கிளினிக்கில் இவை ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கும்.

நாங்கள் இலேசாகச் சொல்லிவிட்டோம், வேறு வேலை பார்க்கலாமே என்று. அவர் கோபிக்கவில்லை. "என்ன வேலை? சொல்லன் பாப்பம்" என்றார். பிறகு கணக்குச் சொன்னார். கூலித் தோட்டத்துக்குப் போனால் மழைக்கு வேலை இல்லை, பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த கூலி, முதலாளி நினைத்த நாளில் காசு. இங்கே மாதம் முடிய வங்கியில் விழுகிறது, ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்கு ஓடு போட்டார், மூத்தவளை உயர்தரம் வரை படிப்பித்தார். "வேலையை விடச் சொல்லாத. வருத்தத்துக்கு மருந்தைத் தா. ஏலுமெண்டா தண்ணி குடிக்க விடச்சொல்லி அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தா" என்றார்.

கடிதம் எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதைத் தொழிற்சாலைத் தாதி கொண்டுபோய்க் கொடுத்தார். தண்ணீர்ப் போத்தலை மெஷினருகே வைக்கலாம் என்று சொன்னார்களாம். கழிவறைக்குப் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியம் முழுதும் இப்படித்தான், பாதி பாதியாகத்தான் நடக்கும்.

இந்த இடத்தில் எங்கள் குழுவில் இரண்டாவது சண்டை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகையை மனித உரிமைக் காரணங்களுக்காக 2010 ஓகஸ்டில் நிறுத்தியது, 2017 மே மாதத்தில் திருப்பித் தந்தது. 2021 இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் அதை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அதில் முக்கிய விடயம். வெளிநாட்டில் இருக்கும் எங்களில் சிலர் அந்த அழுத்தத்துக்காகக் கையெழுத்துச் சேர்த்தவர்கள், அவர்களின் காரணங்கள் பாரமானவை. கிளிநொச்சியில் மெஷினில் இருந்தவருக்கு அது வேலை பற்றிய செய்தி. காணாமல் போன தம்பியைத் தேடுவதும் அவர்தான், அந்தச் சலுகையில் தைத்த சட்டையில் சாப்பிடுவதும் அவர்தான். இரண்டு பேரும் சரி என்று சொல்லித் தப்ப இம்முறை முடியவில்லை. சலுகையை அறுப்பதை விட, அதைக் காட்டி அரசாங்கத்தையும் தொழிற்சாலையையும் நெருக்குவதே நல்லது என்று எங்களில் பெரும்பான்மையினர் நினைக்கிறோம். மூவர் இன்னும் உடன்படவில்லை. இந்த உரையில் அதையும் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டோம்.

2022 பற்றி நீட்ட விரும்பவில்லை. ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. எங்கள் மருந்துகளில் பெரும்பங்கு இறக்குமதி. டொலர் இல்லாத வாட்டில் வைத்தியர் என்ன செய்வார் என்பதை அந்த வருடம் படித்தோம். சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டோம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய மாணவிகள் பொதி பொதியாக மருந்து அனுப்பினீர்கள், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. அதே வருடங்களில் எங்களோடு வேலை செய்த வைத்தியர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். இலவசமாகப் படித்த மூளையும் ஏற்றுமதிதான், சுங்கத்தில் தீர்வை இல்லை. இதைச் சொல்லும்போது மண்டபத்தில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். விண்ணப்பப் படிவத்தை ஒரு முறை நிரப்பி வைத்தவர்தான் இங்கே நின்று பேசுகிறார்.

அந்த டொலர் இல்லாக் காலத்தில் நாட்டுக்கு டொலர் கொண்டுவந்தவர்களில் எங்கள் தோழியும் ஒருவர். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்தவர்களும் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களும் அப்படியே. வாட்டுக்கு வந்த மருந்தில் அவர்களின் உழைப்பு இருந்தது.

2025 ஏப்ரல் 2 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தது. எங்கள் ஆடைகளை அதிகம் வாங்கும் தனி நாடு அதுதான். அந்த வாரம் கிளினிக்கில் தொழிற்சாலைப் பெண்களின் இரத்த அழுத்தத்தை அளந்தவர்கள் நாங்கள். வாஷிங்டனில் ஒருவர் தூக்கிக் காட்டிய அட்டவணை இங்கே உயர் இரத்த அழுத்தமாக வந்து நின்றது. ஜூலையில் 30 என்றார்கள், ஓகஸ்டில் 20 இல் வந்து நின்றது. 20 வீதத்தை யார் தாங்குவது? வாங்கும் நிறுவனம் கொஞ்சம், தொழிற்சாலை கொஞ்சம் என்றார்கள். தொழிற்சாலை தாங்கிய பங்கு மேலதிக நேரத்தில் வெட்டாக வந்தது. அவரின் மூத்தவள் இப்போது அதே தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் பயிற்சி பெறுகிறாள். வீட்டில் இரண்டு சம்பளமும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

புகையிலைக்காரருக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. வெங்காயக்காரருக்கு அப்படி ஒன்றும் கைகொடுக்கவில்லை. எங்கள் தோழிக்கு என்ன இருக்கிறது என்று தேடினோம். தொழிற்சங்கம் பலமாக இல்லை. வேலை இழந்தால் மாதாமாதம் தாங்கும் காப்புறுதி இந்த நாட்டில் இன்னும் இல்லை. அதை அரசாங்கம்தான் செய்யவேண்டும், எங்களால் முடியாது.

எங்களால் முடிந்த ஒன்று இருக்கிறது. நூற்றாண்டுக்காக அச்சிட்ட சங்க அங்கத்தவர் பட்டியலை எடுத்து, எங்கள் வகுப்பில் ஆறாம் வகுப்புக்கு வந்தவர்களின் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், ரொறன்ரோ, மெல்பேண் எல்லாம் இருக்கிறது. இடப்பெயர்வோடு நின்றுபோனவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. சங்க யாப்பைப் பார்த்தோம். இங்கே ஒரு வருடமேனும் படித்தவர் அங்கத்தவராகலாம் என்று தெளிவாக இருக்கிறது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அவரைக் கிளினிக்கில் கண்டு ஆறு வருடம். ஒரு படிவம் கொடுக்கத் தோன்றவில்லை.

ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் செயற்குழுவிடம் மூன்று வேண்டுகோள்கள். ஆயுள் அங்கத்துவப் பணத்தைத் தவணையில் கட்ட அனுமதியுங்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை, தொழிற்சாலை மூடப்பட்டாலோ வேலை குறைந்தாலோ பழைய மாணவி ஒருவர் பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் இருக்க, கடனாகக் கொடுக்க ஒதுக்குங்கள். எங்கள் வகுப்பு அதற்கு முதல் தொகையைச் சேர்த்துவிட்டது, காசோலை பொருளாளரிடம் இருக்கிறது. மூன்றாவது, பொதுக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள்.

தோழியை இன்று கூட்டிவர நினைத்தோம். அவரும் சேலை எடுத்து வைத்திருந்தார். இன்று சனிக்கிழமை. கப்பலுக்குப் போகவேண்டிய ஓடர் ஒன்று முடியவில்லையாம், லைனில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். நிரப்பிய படிவத்தை நேற்றிரவு பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறார். செயலாளர் அவர்களே, அது இதோ இருக்கிறது.